நின்ற கார் இடித்தால் குற்றமில்லையா?

தினமும் காலையில் உங்களுக்குச் சாலை நிலவரம் சொல்பவள் நான். பினாங்குப் பாலத்தில் நெரிசல், ஜெலுத்தோங்கில் லாரி பழுது, வேகத்தைக் குறையுங்கள், வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எட்டு வருடமாக மைக்கின் முன்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவரின் எலும்பை உடைத்தவளும் நான்தான். அப்போது என் கார் நகரக்கூட இல்லை.

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். காலை ஐந்து மணி. நிலையத்துக்குப் போகும் வழியில் டத்தோ கெராமாட் சாலையோரம் காரை நிறுத்தினேன். பக்கத்துக் கடையில் ஒரு கோப்பி கட்டி வாங்கிக்கொண்டு போவது என் வழக்கம். எஞ்சினை அணைத்தேன், பெல்ட்டைக் கழற்றினேன். அன்றைய நிகழ்ச்சிக்கு வரவேண்டிய விருந்தினர் வரமாட்டாராம் என்று புலனத்தில் செய்தி. இடது கையில் கைப்பேசி. கண் அதில்தான். வலது கை தானாகப் போய்க் கதவைத் திறந்தது.

அந்தச் சத்தம் பெரிய சத்தம் இல்லை. தகரத்தை யாரோ ஒருமுறை தட்டியது போலத்தான் இருந்தது. வெளியே பார்த்தால் சைக்கிள் ஒரு பக்கம், பெரியவர் ஒரு பக்கம், சாலை முழுக்க நாளிதழ்கள். நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். "என்னை விடும்மா, பேப்பர் தண்ணில கெடக்கு பாரு, அத எடு மொதல்ல" என்றார். முந்தின இரவு மழை பெய்திருந்தது. நான் பேப்பர் பொறுக்கினேன். கை நடுங்கியது. ஒரு நிமிடம் கழித்துக் காய்கறி லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அவர் விழுந்து கிடந்த அதே இடத்தின் மேல்தான் அதன் சக்கரம் போனது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நான் இன்றுவரை அதிகம் யோசிப்பதில்லை. யோசித்தால் தூக்கம் வராது.

காறை எலும்பு உடைந்திருந்தது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் எலும்பு. கையைக் கட்டித் தொங்கவிட்டு அனுப்பினார்கள். இரண்டு மாதம் பேப்பர் போட முடியாது, பாரம் தூக்கக் கூடாது. முப்பது வருடமாகத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுத்தவர். அந்த வருடம் எடுக்கவில்லை.

அவர் சைக்கிளில் முன்விளக்கு இல்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை. நடந்ததைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் முதலில் கேட்பது அதைத்தான். தெருவிளக்கு எரிந்தது, கண்ணாடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருப்பார். நான் பார்க்கவே இல்லை. பார்க்காதவளுக்கு எத்தனை விளக்கு இருந்து என்ன?

போலீசில் கேட்ட கேள்வி

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்பது நம் சட்டம். தெரிந்தவர்கள் எல்லாரும் "போகாதே" என்றார்கள். ஏன் என்று கார் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். புகார், காப்புறுதி, கோரிக்கை என்று போனால் வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த 55 விழுக்காடு என்சிடி கழிவு பறந்துவிடும். "பெரியவருக்குக் கையில் ஐந்நூறு வெள்ளி கொடு, பழம் வாங்கிப் போய்ப் பார், முடித்துக்கொள்" என்று எனக்கு மிக நெருக்கமானவரே சொன்னார். கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. நம் ஊரில் இப்படித்தான் முடிப்பார்கள்.

நான் போனேன். எழுதிக்கொண்டிருந்த சார்ஜன் நல்ல மாதிரி. நடந்ததைச் சொன்னேன். "அப்போது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா?" என்று கேட்டார். இல்லை, நிறுத்திவிட்டேன். "எஞ்சின்?" அணைத்துவிட்டேன். பேனாவைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார். சில நாள் கழித்துப் பெரியவரிடம் விசாரித்தபோது, "புகார் எதுவும் வேணாம், அந்தப் பொண்ணு தினம் வந்து பாக்குது" என்று சொல்லிவிட்டாராம். எனக்கு எந்தச் சம்மனும் வரவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நிம்மதியாக இருந்ததே என்ற உறுத்தல் பிறகுதான் வந்தது.

அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்தேன். கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன்: சிவப்பு விளக்கைத் தாண்டினால் என்ன? உடனே பதில் வரும், முந்நூறு வெள்ளி. கைப்பேசி பேசிக்கொண்டு ஓட்டினால்? அதுவும் தெரியும். நிறுத்திய காரின் கதவைத் திறந்து ஒருவரைக் கீழே தள்ளினால்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை. எனக்கும் அதற்குமுன் தெரியாது.

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் நாம் அடிக்கடி கேள்விப்படுகிற 42ஆம், 43ஆம் பிரிவுகள், ஆபத்தாக, கவனமில்லாமல் வாகனம் "ஓட்டுபவரை"ப் பற்றிப் பேசுகின்றன. நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, இறங்கப் போகிறவள் ஓட்டுநர்தானா? பின்னிருக்கையில் இருந்து இறங்கும் பயணி? ஒருவர் இறந்துபோனால் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 304ஏ பிரிவு இருக்கிறது, கவனக்குறைவால் மரணம் விளைவித்தல். அதற்கு ஒருவர் சாக வேண்டும். வழக்கே போட முடியாது என்று நான் சொல்ல வரவில்லை, நான் வழக்கறிஞரும் இல்லை. தெருவில் யாருக்கும் தெரியாத குற்றத்துக்குத் தெருவில் யாரும் பயப்பட மாட்டார்கள் என்பதுதான் என் கவலை.

மற்ற ஊர்களில்

இதற்குத் தனியாகப் பெயர் வைத்துச் சட்டம் எழுதிய ஊர்கள் நிறைய. 1968ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 24ஆம் பிரிவு முழுக்கக் கதவைப் பற்றியதுதான். மற்றவர்களுக்கு ஆபத்தில்லை என்று உறுதிசெய்யாமல் கதவைத் திறப்பதும், திறந்துபோடுவதும், இறங்குவதும் தடை. பிரிட்டனில் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. கதவைத் திறப்பவர் மட்டுமல்ல, திறக்க வைப்பவரும் திறக்க விடுபவரும் குற்றவாளி. அதாவது பயணி திறந்தாலும் ஓட்டுநர் கையை விரிக்க முடியாது.

நம் சொந்தக்காரர்கள் பலர் வாழும் டொரோண்டோவுக்கு வருவோம். அது இருக்கும் ஒண்டாரியோ மாநிலத்தில் இந்தக் குற்றத்துக்கு முன்பு 60 டாலர் கட்டினால்கூடப் போதும். 2015இல் குறைந்தபட்ச அபராதத்தை 300 டாலராகவும் அதிகபட்சத்தை 1,000 டாலராகவும் உயர்த்தினார்கள். கூடவே உரிமத்தில் மூன்று குறைப்புள்ளி. பணத்தைவிட அந்தப் புள்ளிதான் சுடும் என்று அங்கே இருக்கும் என் சித்தப்பா மகன் சொல்கிறான். பணம் கட்டினால் மறந்துவிடும், புள்ளி காப்புறுதிக்காரர் கண்ணில் நிற்குமாம். சிக்காகோ 2013இல் அபராதத்தை இரண்டு மடங்காக்கி 1,000 டாலர் ஆக்கியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமும் 2012இல் ஏற்றியது.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் பட்டது வேறொன்று. சிக்காகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் 2011 வரை, கதவில் மோதி விழுந்த சைக்கிளோட்டிகள் மாநில விபத்துக் கணக்கிலேயே வரவில்லை. ஏன் தெரியுமா? கார் நகரவில்லை, ஆகவே அது வாகன விபத்து இல்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தச் சார்ஜனின் பேனா ஞாபகம் வந்தது. எத்தனை பேர் விழுகிறார்கள் என்று எண்ணாதவரை அது ஒரு பிரச்சினையே இல்லை. யாரும் எண்ணாத இடத்தில்தான் "ஏதோ உன் நேரம்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அபராதம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2016இல் ஒரு டாக்சிப் பயணி கதவைத் திறந்ததில் ஓர் இளைஞர் சாலையில் விழுந்தார், பின்னால் வந்த வேன் மோதி இறந்துபோனார். கதவு திறந்த குற்றத்துக்குப் பயணிக்கு விதித்த அபராதம் 80 பவுண்டு. டாக்சி ஓட்டுநருக்கு 300. அந்தச் சட்டத்தில் கதவுக்கு அதிகபட்சமே 1,000 பவுண்டுதான், சிறை கிடையாது. சட்டம் இருந்தும் ஓர் உயிரின் விலை இவ்வளவுதானா என்று அங்கே சைக்கிள் சங்கத்தார் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் அங்கே அந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் இருந்தது. நீதிமன்றத்தில் அதைப் படித்தார்கள். என் விஷயத்தில் யாரும் எதையும் படிக்கவில்லை.

நேயர்கள் சொன்னது

பெரியவருக்குக் கட்டு அவிழ்த்த வாரம், அவரிடம் கேட்டுவிட்டு, இதை நிகழ்ச்சியில் சொன்னேன். அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். அழைப்புகள் நிற்கவில்லை, இரண்டு பாட்டை வெட்டினோம்.

பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளோட்டிகள். நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பெரும்பங்கு அவர்கள்தான் என்பதால் அதில் ஆச்சரியம் இல்லை. உணவு கொண்டுபோகும் தம்பி ஒருவர், கதவில் இடித்து விழுந்ததில் இரண்டு பல் போனது, கார்காரர் இறங்கிவந்து முதலில் தன் கதவின் சாயத்தைத்தான் பார்த்தார் என்றார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அம்மா, மகனுக்குப் பள்ளி சைக்கிளுக்கு மணி வாங்கிக் கொடுத்ததாகவும், நின்ற காருக்கு மணி அடித்து என்ன பயன் என்று அவன் கேட்டதாகவும் சொன்னார். ஒருவர் கோபமாகவே பேசினார். சைக்கிள்காரர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள், சிவப்பு விளக்கில் நிற்பதில்லை, அவர்களுக்கு மட்டும் சம்மன் கிடையாதா என்று. சரி, அவர்களுக்கும் கொடுங்கள். நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் அவர் எதிர்த்திசையில் வந்து என் மேல் மோதினால் எனக்குக் கதவில் ஒரு கீறல்தான் மிஞ்சும். நான் கதவைத் திறந்தால் அவருக்கு எலும்பு போகும். இரண்டும் ஒரே தட்டில் வைக்கிற விஷயமா?

யோசிக்க வைத்தவர் ஓர் இ-ஹெயிலிங் ஓட்டுநர். "அக்கா, நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பின்னால இருக்கிறவங்க போன் பேசிக்கிட்டே பட்டுனு தொறந்துடுறாங்க. சம்மன் எனக்கு வந்தா நான் என்ன பண்றது?" என்றார். அவர் கண்டுபிடித்த வழி, வலது பின்கதவில் குழந்தைப் பூட்டைப் போட்டுவைப்பது. எல்லாரும் இடது பக்கமாக, அஞ்சடி பக்கமாகத்தான் இறங்க வேண்டும். நல்ல யோசனை. ஆனால் அவரே தொடர்ந்து சொன்னார்: சாலையோரம் முழுக்கக் கார் நிற்கும்போது நடுச்சாலையில்தான் இறக்கிவிட வேண்டியிருக்கிறது, அப்போது இடது பக்கத்து இடுக்கில் மோட்டாரும் சைக்கிளும் நுழைந்து வரும். ஜப்பானில் டாக்சியின் இடது பின்கதவை ஓட்டுநரே விசை வைத்துத் திறந்து மூடுவார், பயணி தொடவே வேண்டாம். அதைச் சொன்னேன். "நம்ம மைவியில அதெல்லாம் நடக்குமா அக்கா" என்று சிரித்தார்.

சிரித்துவிட்டுப் போனாலும் அவர் கேள்வி நியாயமானது. பயணிக்கும் ஓட்டுநருக்கும் பொறுப்பை எப்படிப் பிரிப்பது என்று தெளிவாக எழுதாத சட்டம், கடைசியில் கூலிக்கு ஓட்டுபவர் தலையில்தான் விழும். கதவைத் திறந்த கை யாருடையதோ அவருக்கே முதல் சம்மன் என்பது என் கட்சி.

ஜார்ஜ்டவுனின் இடுக்குகள்

நம் பட்டணம் காருக்காகக் கட்டியது இல்லை. சூலியா தெருவிலும் பசார் தெருவிலும் குயின் தெருவிலும் மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் போன அகலம்தான் இன்னமும். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்த பிறகு கடைவீடுகளை இடித்து அகலப்படுத்தவும் முடியாது, அது நல்லதும்கூட. அந்த அகலத்துக்குள் கார் நிறுத்துமிடம், லாரியிலிருந்து சாமான் இறக்குமிடம், திரிஷா, சுற்றுப்பயணிகள், மிச்சமிருந்தால் சைக்கிள். 2016இல் லிங்க்பைக் என்று பொதுச் சைக்கிள் வாடகைத் திட்டம் வந்தது. ஞாயிறு காலைகளில் கார் இல்லா நாள் நடத்தினார்கள். முயற்சி இல்லை என்று சொல்ல முடியாது.

கோடு போட்டிருக்கிறார்களே என்பீர்கள். நிறுத்திய கார்களை ஒட்டிச் சைக்கிள் கோடு போட்டால் என்ன நடக்கும் என்று ஒருமுறை நின்று பாருங்கள். ஒரு கார்க்கதவு முழுசாகத் திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீட்டும். அந்த ஒரு மீட்டருக்குள்தான் சைக்கிள் போகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது பெரியவர் போன நிதானத்தில், ஒரு நொடியில் நான்கு மீட்டர் நகரும். ஒரு காரின் நீளம். கதவு திறப்பதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் அந்த நொடி போய்விடும். காருக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி விடாமல் போட்ட கோடு, விழ வேண்டிய இடத்தைச் சைக்கிள்காரருக்குக் குறித்துக்கொடுப்பது போலத்தான். இடைவெளிக்கு இடமில்லை என்றால் அந்தத் தெருவில் ஒரு பக்க நிறுத்துமிடத்தை எடுக்க வேண்டும். கடைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா? என் மாமா ஒருவர் அங்கே கடை வைத்திருக்கிறார். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அழைப்பார்.

பினாங்கின் மிகப் புகழ்பெற்ற சைக்கிள் எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012இல் எர்னஸ்ட் ஸக்கரேவிச் வரைந்த அக்கா தம்பி ஓட்டும் சைக்கிள். ஓவியத்தோடு ஒட்டிய நிஜச் சைக்கிள் அது. அதன் முன்னால் நின்று படம் பிடிக்க வரிசை நிற்கிறது. படம் பிடிக்கக் காரில் வருகிறார்கள், எதிரே நிறுத்துகிறார்கள், நாலு கதவையும் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள்.

தூரக் கை

நெதர்லாந்தில் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பழக்கும் ஒரு வழி இருக்கிறது. கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல், தூரத்துக் கையால் திறப்பது. நம் காரில் ஓட்டுநர் வலப்பக்கம், ஆகவே இடது கையால் திறக்க வேண்டும். இடது கையை வலது கதவுக்குக் கொண்டுபோனால் உடம்பு தானாகத் திரும்பும், கண் கண்ணாடியையும் தோளுக்குப் பின்னாலும் பார்க்கும். 2022 ஜனவரியில் பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூலிலேயே இதைச் சேர்த்தார்கள். நான் உரிமம் எடுக்கப் படித்தபோது பக்கவாட்டில் நிறுத்தச் சொல்லிக் கொடுத்தார்கள், மலைச்சாலையில் ஏற்றச் சொல்லிக் கொடுத்தார்கள், இறங்கச் சொல்லிக் கொடுத்ததாக நினைவில்லை.

இதைப் பழகும்போது எனக்கு ஒன்று புரிந்தது. அன்று என் இடது கையில் கைப்பேசி இருந்தது. நாம் பெரும்பாலும் அந்தக் கையில்தான் பிடிக்கிறோம். இடது கையால் கதவைத் திறக்க வேண்டும் என்றால் கைப்பேசியைக் கீழே வைத்தாக வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது சட்டம் இதுதான். ஏழு வயது மகள் பின்னிருக்கையிலிருந்து "அம்மா, எந்தக் கை?" என்று கத்துவாள். வாரத்தில் ஒருமுறையாவது மாட்டிக்கொள்கிறேன், ஐம்பது காசு அபராதம். அவள் உண்டியல் நிறைந்துகொண்டிருக்கிறது. காசு கொடுக்கப் பிடிக்காமல்தான் பாதி நாள் நான் ஞாபகமாக இருக்கிறேன். அபராதம் மனிதரைத் திருத்தாது என்று வாதிடுகிறவர்களிடம் நான் இந்த உண்டியலைத்தான் காட்டுவேன்.

பெரியவர் மூன்றாவது மாதமே பேப்பர் போட வந்துவிட்டார். வேலை போன நாட்களுக்கு நான் கொடுத்த பணத்தை முதலில் வாங்க மறுத்தார், பிறகு அவர் மனைவி வாங்கிக்கொண்டார். சைக்கிளுக்கு முன்னும் பின்னும் விளக்கு வாங்கி மாட்டினேன். பின்விளக்கை எரிய விடுகிறார். முன்விளக்கு பேட்டரியைத் தின்கிறதாம்.

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் அதே சாலையில் அவர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். இப்போது அவர் ஓரமாகப் போவதில்லை. நின்ற கார்களை விட்டு நன்றாகத் தள்ளி, கிட்டத்தட்டத் தடத்தின் நடுவில், அவசரமில்லாமல் மிதிக்கிறார். நான் முந்தவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார், மறுபடியும் அடித்தார். பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஓரம் கட்டவும் இல்லை. எங்கள் இரண்டு கார்களும் அவருக்குப் பின்னால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் சமிக்ஞை விளக்கு வரை போனோம். அன்று நான் நிலையத்துக்கு நாலு நிமிடம் தாமதம்.